பூச்சி அரித்த ஒன்பது இடங்கள்

மார்ச் 4, திங்கள்

குழாயில் தண்ணீர் வரவில்லை. காலையிலேயே அம்மா மாடி வீட்டுக்காரியுடன் ஒரு சுற்றுச் சண்டையை முடித்துவிட்டு வந்து, "நீ படிக்கிற பாட்டுல எல்லாம் மலை மேலேர்ந்து அருவி கொட்டுதாமே, நமக்கு ஒரு வாளி கேட்டு வாங்கேன்டி" என்றாள். சிரித்துப் புரையேறிவிட்டது.

ஆய்வேட்டில் இனி எழுத ஒன்றுமில்லை. மேற்கோள்களுக்கு அச்சுப் புத்தகத்தின் பக்க எண்ணைப் போட்டால் முடிந்தது. மாதம் முடிவதற்குள் ஒப்படைத்துவிட்டால் அகராதித் துறையில் உதவியாசிரியர் வேலை எனக்குத்தான் என்று என் ஆய்வு நெறியாளர் மேடம் சொல்லியிருக்கிறார். ஒப்படைக்காவிட்டால் விண்ணப்பமே செல்லாது. உதவித்தொகையும் இந்த மாதத்தோடு நின்றுவிடும். பிறகு இந்த இரண்டு அறையைக் காலி செய்துவிட்டு அம்மா அண்ணன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அங்கே இருந்த காலத்தில் அம்மா பேசுவதையே விட்டிருந்தாள். கேட்டால் "ம்" என்பாள். இங்கே வந்த பிறகுதான் வாய் திரும்பியது. அவள் மாடியைப் பார்த்துக் கத்தும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. வெளியே சொன்னால் மாடி வீட்டுக்காரி அடிக்க வருவாள்.

மார்ச் 6, புதன்

பழைய நூல்களில் ‘கை’ சேர்ந்து வரும் தொடர்கள். நான்கு வருஷமாக இதே வேலை. எங்கள் ஆய்வறையில் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கும் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘அடிக்குறிப்பு’. இன்று அவர் என் ஆய்வேட்டுக் கட்டைத் தூக்கிப் பார்த்து, "இதைப் படிக்கிறவங்களுக்கு முதல்ல கைதாங்க வலிக்கும்" என்றார்.

சிரிக்கட்டும். எனக்கு இந்தத் தொடர்கள் சலிக்கவே இல்லை. கைதூவுதல் என்றால் கைவேலை ஓய்வது. இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஓய்வு போனதோடு சொல்லும் போயிருக்கும். கைம்மிகுதல் என்றால் அளவு மீறிப் போவது. காதலும் அப்படிப் போகும், துயரமும் போகும். அரசன் இறந்தபின் பாடுகிறவர்கள் கையற்று நின்றார்கள். அதே கையைத்தான் இன்று பக்கத்து வீட்டுப் பெண் புருஷனைத் திட்டும்போது எடுக்கிறாள்: கையாலாகாதவன். அரண்மனை வாசலில் நின்ற துக்கம் சமையலறை எரிச்சலாக மாறியிருக்கிறது. எத்தனை பேர் வாயில் தேய்ந்தால் ஒரு தொடர் இவ்வளவு தூரம் நடக்கும்!

ஆனால் என் ஆய்வேட்டின் உயிர் மூன்றாம் இயல். கைவிடுதல். நான் தேடிய இடங்களில் எல்லாம் விட்டுப் போகிறவன் ஆண். கைவிடாதே என்று கெஞ்சுகிறவள் பெண், அல்லது அவளுக்காகத் தோழி. பிற்காலத்தில் கடவுளிடம் முறையிடுகிறவர்களும் அந்தப் பெண்ணின் இடத்தில் நின்றுதான் முறையிடுகிறார்கள். ஒரே ஒரு நூலில்தான் பெண், ‘நான்’ என்ற தன்மை இடத்தில், நிமிர்ந்து சொல்கிறாள்: கைவிடேன். அவளுக்கு விடும் உரிமையும் இருக்கிறது, விடமாட்டேன் என்கிறாள். ஓலை சிதைந்து கிடைத்த சின்னத் தொகைநூல் அது. அறையில் அதற்குப் ‘பொத்தல்’ என்று பெயர். அதில் ஒன்பது இடங்களில் வருகிறது.

முதல்முறை கணினித் திரையில் ஒன்பதையும் வரிசையாகப் பார்த்த அன்று, பேருந்தில் இறங்க மறந்து கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன்.

மார்ச் 11, திங்கள்

இன்றே எழுதிவிட வேண்டும்.

பக்க எண் பார்க்க நூலகத்தின் கீழ்த்தளத்துக்குப் போனேன். பொத்தலின் அச்சுப் பிரதி அங்கே ஒன்றுதான் இருக்கிறது. நூலகர் அதைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "இதையெல்லாம் யாரும் கேக்கறதில்லையேம்மா, கம்ப்யூட்டர்லதான் எல்லாம் வந்துடுச்சே" என்றார். ஆமாம் என்றேன். நானும் இந்த நூலைத் திரையில்தான் படித்திருக்கிறேன். நான்கு வருஷமாக.

முதல் இடத்தைத் திறந்தேன். பக்க எண்ணைக் குறித்தேன். பிறகுதான் கண்ணில் பட்டது.

[கைவிடேன்]

பகர அடைப்புக்குள். இரண்டு பக்கமும் காவல்காரர்கள் போல அந்தக் கோடுகள்.

அடுத்ததையும் பார்த்தேன். அடைப்பு. அதற்கடுத்தது. அடைப்பு. நூலகரிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். மூடும் நேரம் ஆகிவிட்டது என்றார். மற்றவற்றைப் பார்க்கத் தைரியம் இல்லை. நாளைக்கு. எல்லாவற்றிலும் இருக்காது. மூன்று போனாலும் ஆறு இருக்கிறதே. ஆறு போதும்.

மார்ச் 12, செவ்வாய்

ஒன்பதும்.

மார்ச் 13, புதன்

பதிப்பாசிரியர் எதையும் மறைக்கவில்லை. முன்னுரையில் தெளிவாக எழுதியிருக்கிறார். ஏட்டுக்கு ஒரு பாட்டு. எல்லாம் ஒரே அளவு, ஒரே ஓசை. கட்டி வைத்திருந்த ஏடுகளை ஒரு பூச்சி மேலிருந்து கீழாகத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. ஒன்பது ஏடுகளில் ஒரே இடத்தில் ஓட்டை. ஒன்பது பாட்டுகளில் ஒரே சீர் போய்விட்டது. பொருளுக்கும் ஓசைக்கும் பொருந்துவதாகத் தமக்குத் தோன்றிய ஒரு சொல்லை ஒன்பதிலும் இட்டு நிரப்பி, வாசிப்பவர் மயங்கக் கூடாதென்று அடைப்புக்குறியும் போட்டிருக்கிறார். இதற்குமேல் ஒரு மனிதர் என்ன செய்வார்?

அடைப்பை எடுத்தது நாங்கள். எங்கள் தேடு பொறிக்குச் ‘சல்லடை’ என்று பெயர். எழுத்தைத் தவிர வேறு எது குறுக்கே வந்தாலும் அதற்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எந்த நூலை உள்ளே போட்டாலும் முதலில் ‘சலவை’. புள்ளி, கோடு, நட்சத்திரம், அடைப்பு எல்லாம் போய்விடும். வெள்ளை வெளேரென்று எழுத்து மட்டும் நிற்கும். அந்த வெளுப்பைத்தான் நான் பழமை என்று நினைத்திருக்கிறேன்.

அந்தப் பாட்டுகளில் ஒரு பெண் பேசுகிறாள். அது உண்மை. ஒருவனைப் பற்றித் தோழியிடம் பேசுகிறாள். அதுவும் உண்மை. வாக்கியம் முடிகிற இடத்தில் ஓட்டை. பிடித்தாளா, விட்டாளா, அழுதாளா — பூச்சிக்குத்தான் தெரியும்.

மூன்றாம் இயல் முழுவதும் அந்த ஓட்டையின் மேல் கட்டிய வீடு. நான்காவது அதன் மாடி. முடிவுரை அதன் கூரை.

மார்ச் 15, வெள்ளி

மேடத்திடம் சொல்லிவிட்டேன். புத்தகத்தைப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒன்பதையும் பார்த்தார்.

"இதை வேற யார்கிட்ட காட்டினே?"

"யார்கிட்டயும் இல்ல மேடம்."

"சரி. நீ கீழ்த்தளத்துக்குப் போகலைன்னு வெச்சுக்க."

எனக்குப் புரியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

"உக்காரும்மா. நம்ம துறையில எல்லாரும் சல்லடையைத்தான் ஆதாரமாக் காட்டறாங்க. நீயும் அதையே காட்டு. சல்லடையில அப்படித்தானே இருக்கு? அது பொய்யா?"

"அதுல இருக்கறது பொய் மேடம்."

"நான் அடுத்த வருஷம் ஓய்வு. அதுக்கப்புறம் இந்த அறையில உனக்காகப் பேச ஒரு நாதி கிடையாது. தெரியுமா உனக்கு?"

தெரியும். அவர் கெட்டவர் இல்லை. என் மூன்றாம் இயலை வைத்துத்தான் போன வருஷம் பெரிய மேடையில் பேசினார். கட்டுரையும் வந்தது. அந்தக் கட்டுரையில் என் பெயரை முதலாவதாகப் போட்டவர் அவர். எத்தனை பேர் அப்படிப் போடுவார்கள்? அவரையும் சேர்த்துத்தான் நான் இழுத்துக்கொண்டு விழப் போகிறேன்.

மார்ச் 18, திங்கள்

வேறு எங்காவது கிடைக்காதா என்று சல்லடையைப் போட்டு உலுக்கினேன். பெண் சொல்வதாக, ஆணை நோக்கி, கைவிடேன். வேண்டாம், அதே சொல்லாக இருக்க வேண்டாம். விடமாட்டேன் என்ற பொருளில் எதுவாவது. காலையிலிருந்து மாலை வரை. எழுந்து சாப்பிடக்கூட இல்லை. இரண்டு இடத்தில் மனசு துள்ளியது. ஒன்று அரசன் தன் படைக்குச் சொல்வது. இன்னொன்று பதிப்பாசிரியர் கொடுத்த தலைப்பு.

இருக்கலாம். சல்லடைக்குள் வராத ஏதோ ஒரு நூலில் இருக்கலாம். யாரோ ஒருத்தி சொல்லியிருக்க மாட்டாளா, இத்தனை நூற்றாண்டில்? ஆனால் ‘சொல்லியிருப்பாள்’ என்று எழுத எனக்கு யார் அனுமதி கொடுத்தது.

அடிக்குறிப்பு என் முகத்தைப் பார்த்துவிட்டு விடாமல் கேட்டார். சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கீழ சின்ன எழுத்துல ஒரு வரி போட்டுடுங்க. ‘இவ்விடங்கள் பதிப்பாசிரியரால் நிரப்பப்பட்டவை.’ அவ்வளவுதான். உண்மையைப் புதைக்கறதுக்கு அடிக்குறிப்பை விட நல்ல இடம் கிடையாது. அனுபவத்துல சொல்றேன்."

"மேல உள்ள வாதம்?"

"மேல இருக்கறது மேலயே இருக்கட்டும். படிக்கிற நாலு பேருல மூணு பேர் நன்றியுரையில தன் பேர் இருக்கான்னு பாப்பாங்க. இன்னொருத்தர் தேர்வாளர். அவருக்கு எழுத்து சின்னதா இருந்தா கண்ணு தெரியாது."

வீட்டுக்கு வந்து அந்த வரியை எழுதிப் பார்த்தேன். எட்டு அளவு எழுத்தில். பிறகு ஏழில். நானே கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. அழித்தேன். மறுபடி எழுதினேன்.

மார்ச் 20, புதன்

கை ஓடவில்லை. உடனே, இந்தத் தொடர் எந்தக் காலத்திலிருந்து வழங்குகிறது என்று மனசு தேடப் போகிறது. சீ. இதென்ன பிழைப்பு.

மார்ச் 23, சனி

அம்மாவிடம் எதையும் சொல்வதாக இல்லை. அவளே கேட்டாள். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டாள். அவள் சத்தத்தைக் குறைப்பது லேசான காரியமில்லை.

"பத்து நாளா மூஞ்சியில ஈ ஆடலை. என்னன்னு சொல்லு."

புரியும்படி சொன்னேன். ஒருத்தி பேசுகிறாள், பாதியில் ஓட்டை, பின்னால் வந்த ஒருவர் அதில் ஒரு சொல்லை வைத்தார், அவளே சொன்னாள் என்று நான் எழுதிவிட்டேன்.

"அவ சொல்லவே இல்லையா?"

"தெரியாதும்மா. சொல்லியும் இருக்கலாம். வேற என்னமோ சொல்லியிருக்கலாம்."

"அப்போ இது உங்க அண்ணி பண்ற வேலைடி" என்றாள் சட்டென்று. "நான் வாயே திறந்திருக்க மாட்டேன். உங்கம்மா இப்படிச் சொன்னாங்க, அப்படிச் சொன்னாங்கன்னு உங்கண்ணன்கிட்ட வாசிப்பா. அதுவும் நல்ல வார்த்தையாத்தான் சில நாள் சொல்லுவா. ‘அத்தை தனக்கு எதுவும் வேண்டாம்னுட்டாங்க.’ நான் எப்ப சொன்னேன் வேண்டாம்னு? எனக்கு வேணும். ஒரு சேலைகூட வேண்டாம்னு நான் சொன்னதே கிடையாது."

நல்ல வார்த்தை. அதுதானே என் வாதமும்? பாட்டில் பேசுகிறவளுக்குப் பெருமை சேர்க்கிற சொல், அதனால் பரவாயில்லை. இத்தனை நாளாக அந்த மூலையில்தான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

பிறகு அம்மா கேட்டாள்: "சரி, அதை எடுத்துட்டா?"

"எடுத்துட்டா பாதி ஆய்வேடு இல்லம்மா. மாசம் முடியறதுக்குள்ள குடுக்க முடியாது. வேலை போயிடும்."

அவளுக்கு விளங்கியது. முகம் மாறுவதைப் பார்த்தேன். எழுந்து உள்ளே போனாள், பாத்திரத்தை இடம் மாற்றி வைத்தாள், திரும்பி வந்தாள்.

"எழுதினதை எழுதினபடி குடுத்துடு."

"அம்மா, இப்பத்தானே —"

"நான் ஒரு கூமுட்டை, என் பேச்சைக் கேட்டுக்கிட்டு. அவ செத்து எத்தனை காலமாச்சு. அவளுக்கென்ன போகுது? குடுத்துடு கண்ணு. எனக்காக."

அம்மா என்னிடம் எதையும் ‘எனக்காக’ என்று கேட்டதில்லை. இதுவே முதல் தடவை.

மார்ச் 24, ஞாயிறு

கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஏழு அளவு எழுத்தில் அந்த வரியோடு.

அம்மாவிடம் சொன்னேன். என் தலையைத் தடவிவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டாள். சத்தத்தை மட்டும் கூட்டவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

அச்சுக்கடையில் நின்றேன். கட்டுக்குக் கட்டு தாள் வந்து விழுந்துகொண்டிருந்தது. மூன்றாம் இயலின் முதல் பக்கம் சூடாகக் கையில் விழுந்தது. அதன் கடைசி வரி நான் எழுதியது. மிகவும் பெருமைப்பட்டு எழுதியது. ‘தமிழில் முதன்முதலாக ஒரு பெண் தன் வாயால்’ என்று தொடங்கும்.

தன் வாயால்.

நிறுத்துங்கள் என்றேன். கடைக்காரருக்குக் கேட்கவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. "நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்காரர் பயந்துபோய், "பேப்பர் மாறிப்போச்சாம்மா? வேற போடவா?" என்றார். இல்லை, பேப்பர் சரிதான் என்றேன்.

அங்கிருந்து நேராக மேடத்தின் அறைக்குப் போனேன். இந்த மாதம் ஒப்படைக்கவில்லை, மூன்றாம் இயலைத் திரும்ப எழுத வேண்டும் என்றேன்.

"உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கறே."

"ஆமா மேடம்."

"என் தலையிலயும் சேர்த்து."

நின்றுகொண்டே இருந்தேன். அவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள்களைப் பார்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, நிமிராமலே, "கதவைச் சாத்திட்டுப் போ" என்றார்.

மார்ச் 29, வெள்ளி

ஒப்படைக்கக் கடைசி நாள். வீட்டில் இருந்தேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

அண்ணன் வண்டியோடு வந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மூட்டையை எல்லாம் அவன்தான் தூக்கி வண்டியில் ஏற்றினான். "நீயும் வந்துடேன்மா, தனியா என்ன பண்ணப் போறே" என்று இரண்டு தரம் கேட்டான். நல்ல மனசோடுதான் கேட்டான். ஒரு அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கும் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், விடுதியில் இடம் பார்த்துவிட்டேன் என்றேன்.

அம்மா எதுவும் பேசவில்லை. திட்டியிருக்கலாம். நீயும் உன் பாட்டும் என்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். வண்டியில் ஏறி உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். "போயிட்டு வரியாம்மா?" என்றேன்.

"ம்."

ஐயோ. அந்த ‘ம்’.

காலியான அறையில் உட்கார்ந்து யோசிக்கிறேன். ஏட்டில் பேசுகிற, வாழ்ந்தாளோ இல்லையோ என்றே தெரியாத ஒருத்தியின் வாயில் பொய் வைக்கக் கூடாதென்று, உயிரோடு இருக்கிற ஒருத்தியின் வாயை அடைத்துவிட்டேனா? எது நியாயம் இதில்? யாரைக் கேட்பது? நான் என்ன பெரிய யோக்கியையா? பேசாமல் கொடுத்திருக்கலாமே. ஏழு அளவு எழுத்து. யாருக்கும் தெரிந்திருக்காதே.

எனக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவுதான். அந்த ஒரு காரணத்துக்கு அம்மாவை விலையாகக் கொடுத்தேன்.

ஏப்ரல் 8, திங்கள்

விடுதி. எட்டுக் கட்டில். எழுத முடியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

அச்சகத்தில் பள்ளிக்கூட வினா விடைப் புத்தகம் திருத்துகிறேன். எல்லாக் கேள்விக்கும் ஐந்து வரியில் விடை. இருக்கட்டும்.

உதவியாசிரியர் வேலை அடிக்குறிப்புக்குக் கிடைத்திருக்கிறது. அவரே போன் செய்து, குற்றவாளி மாதிரி, "மேல இருக்க வேண்டியவங்க கீழ, கீழ இருக்க வேண்டியவன் மேல" என்றார். நான் சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன். சலவை செய்வதற்குமுன் எல்லா நூலிலும் அடைப்புகளைத் தனியாகக் குறித்து வைக்கப் போவதாகச் சொன்னார். பொத்தலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாராம்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டியா — ம். மருந்து? — ம். அண்ணி இருக்காங்களா பக்கத்துல? — ம்.

வைத்துவிட்டு விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஞாயிறுகளில் மூன்றாம் இயலைத் திரும்ப எழுதுகிறேன். ஒன்பது பாட்டுகளையும் ஓட்டையோடு போட்டிருக்கிறேன். சொல் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள். பார்க்கப் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. கைவிடேன் என்ற சொல்லை அதற்குரிய காலத்தில், அந்தப் பதிப்பாசிரியரின் காலத்தில், தனியாக வைத்தேன். அதுவும் ஒரு வழக்குதானே.

எழுதும்போது ஒன்று தோன்றியது. ‘கைவிடல்’ என்றாலும், அதாவது பழைய தமிழில் ‘கைவிடாதே’ என்றாலும், அதே ஓசைதான். விட்டுவிடாதே என்று கெஞ்சவும் அந்த ஓட்டைக்குள் இடம் இருந்தது. மற்ற எல்லா நூலிலும் பழகிய சொல் அதுதான். கை தானாக அதைத்தான் எழுதும். ஒன்பது தடவையும் அவர் அதை எழுதவில்லை. ஏன் என்று முன்னுரையில் இல்லை. தேடிப் பார்த்தேன், அவரைப் பற்றி வேறு எங்கும் ஒரு வரிகூட இல்லை. ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதினேன். ஆய்வேட்டில் நான் எழுதியதிலேயே சரியான வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 19, வியாழன்

எங்கள் கட்டுரை வந்த பத்திரிகையின் புதிய இதழ் வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் மேடம் பெயரில் நான்கு வரி. ‘எங்கள் கட்டுரையின் முடிவு செல்லாது, இடங்கள் பதிப்பாசிரியர் நிரப்பியவை, பிழையைக் கண்டவர் என் மாணவி.’ பெரிய எழுத்தில்.

போன் செய்தேன். எடுத்தார். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். "இயல் எங்கே? என்னிக்கு அனுப்பப் போறே? நான் ஓய்வு பெறுறதுக்குள்ள வருமா வராதா?" என்று விரட்டினார்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆய்வேட்டைப் போன வாரம் ஒப்படைத்தேன். முன்பைவிட மெலிந்துவிட்டது.

அச்சகத்தில் பணி நிரந்தரம் என்று கடிதம் கொடுத்தார்கள். பின்தெருவில் ஒரு அறை கிடைத்திருக்கிறது. ஒற்றை அறைதான், ஓரமாகச் சமைக்க ஒரு மேடை, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். சாவி வாங்கிய கையோடு கடைக்குப் போய் இரண்டு தலையணை எடுத்தேன். உயரமானதா, தட்டையா என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு உயரம். அம்மாவுக்கு எது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தும் தெரியவில்லை. அங்கே நின்றே போன் செய்தேன்.

"தலையணை உனக்கு உயரமா வேணுமா, தட்டையா வேணுமாம்மா?"

அந்தப் பக்கம் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது.

"தட்டையா" என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, "என்னிக்குடி வரட்டும்?"